திகதி போடாத மரண அறிவித்தல்

டேற்றாபேஸ் என்ற தரவுத்தள வேலை என்பது, நாம் சொன்னதை அப்படியே செய்யும் ஒரேயொரு ஆளிடம் பிழையாகச் சொல்லிவிட்டு மாட்டுப்படுவது. கோப்பாயில் ஒரு மரண அறிவித்தல் இணையத்தளத்தில் அந்த வேலை எனக்கு. திரையைப் பார்த்தே கண் பூத்துப்போன சக பாவிகளே, கேளுங்கள். உருவாக்கு, சேர், அழி, திருத்து என்று கணினிக்கு நான் கொடுத்த கட்டளைகளின் கதை இது.

கிரியேற்

இறந்தவர்களுக்கு ஓர் அட்டவணை உருவாக்கினேன். படித்த திமிரில் வதிவிடத்துக்கு ஓரூர் மட்டும் எழுதும்படி ஒரேயொரு நிரல்தான் வைத்தேன். முதலில் வந்த பெண்ணின் தகப்பனார் கொழும்பு, ஜேர்மனி, லண்டன், கனடா என்று வாழ்ந்தவர். ஏதாவது ஓரிடத்தைச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அப்பா ஓரிடத்திலை இருந்த ஆளில்லை, பிள்ளை. இப்பதான் அசையாமல் கிடக்கிறார்."

இன்சேட்

வைத்திலிங்கம் ஐயா உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்பவர். நல்ல சுகதேகி. தன் மரண அறிவித்தலைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைகளிடம் விட்டால் பிழையாகப் போடுவார்களாம். மறைந்த திகதி இல்லாமல் கணினி ஏற்காது என்றேன். வந்த ஆளை விடாதே என்றார் முதலாளி. திகதி வெறுமையாக இருக்கலாம் என்று அட்டவணையை மாற்றி ஏற்றினேன். திகதி விழும்வரை அறிவித்தல் வெளியே தெரியாது.

"மிச்சமெல்லாம் நான் பாத்திட்டன். திகதியை மட்டும் பிறகு நீர் போடும்."

டிலீற்

அடுத்த கிழமை ஐயா திரும்பி வந்து, மூன்று மகன்மாரில் கடைசி ஆளின் பெயரை எடுக்கச் சொன்னார். தன்னைக் கேளாமல் கல்யாணம் முடித்து, பண்டத்தரிப்பில் இருக்கிற மகன். வருடக்கணக்காகக் கதை பேச்சில்லை. எழுதும்போது கை தானாக எழுதிவிட்டதாம். அழித்தால் திரும்பி வராது என்று எச்சரித்தேன்.

"அவன் ஒருக்காலும் வரான். எடும்."

அப்டேற்

ஒரு காலை, வேறொருவரின் மறைந்த திகதியைத் திருத்தினேன். யாருடைய திகதி என்று சொல்லும் 'வெயார்' வரியை மறந்துவிட்டேன். இதை மறக்கக்கூடாது என்று நானே நாலு பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். அட்டவணையிலிருந்த அத்தனை பேரும் ஒரே திகதியில் மறைந்தார்கள். மற்றவர்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஐயாவின் அறிவித்தலோ ஊர் முழுக்கப் போய்விட்டது. பழைய பிரதியிலிருந்து மீட்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. முதலாளி கத்தவில்லை.

"ஊரிலை ஆரும் உயிரோடை மிஞ்சியிருந்தால் பாத்துச் சொல்லும்."

மறுபடியும் இன்சேட்

மன்னிப்புக் கேட்க உரும்பிராய்க்கு ஓடினேன். கேற்றடியில் ஒரு மோட்டார் சைக்கிள், அதன்மேல் மலர்வளையம். இத்தனை வருடம் பண்டத்தரிப்பிலிருந்து வழி தெரியாதவருக்கு அன்றைக்கு வழி தெரிந்திருக்கிறது. கடைசி மகன் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து தேம்பிக்கொண்டிருந்தார். செத்தவர் பக்கத்தில் நின்று அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். வெட்கத்தோடு எனக்கும் அழுகை வந்தது. ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிழை விட்டது நீர். அவன்ரை பேரைத் திருப்பிப் போடும். திகதிக்கு மட்டும் அவசரப்படாதையும்."

இத்தனை காலம் நான் சரியாகக் கொடுத்த கட்டளை எதற்கும் ஒருவரும் நன்றி சொன்னதில்லை. பிழையாகக் கொடுத்த அந்த ஒன்றுக்கு ஒரு சாக்கு வெங்காயம் வீடு தேடி வந்தது.