அண்ணி வழியே போன சத்தம்

கல் சுவர் ஓரமாக ஜீப்பைக் கொண்டுபோய், கண்ணாடியை இறக்கி, தலையைப் பாதி வெளியே நீட்டியபடி மாட்டு டாக்டரம்மா மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பார். தினமும் காலையில் இது நடக்கும். திறந்த வெளியில் வண்டியின் சத்தம் சிதறிப்போய்விடும். சுவர் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும். எதிரே சைக்கிளில் வருகிறவர்கள் தம்மைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கையசைப்பார்கள். அவரும் தலையாட்டி வைப்பார். கவனம் என்னவோ பின்சக்கரத்தில்தான் இருக்கும்.

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி அது. இரண்டு பேரிடம் இருந்துவிட்டு இவர் கைக்கு வந்தது. மலைமேல் இருக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கு வேறு எதுவும் ஏறாது. பின்னால் மருந்துப்பெட்டி, ரப்பர் பூட்ஸ், கயிறு, ஒரு வாளி. சத்தம் தேடும்போது முதலில் இவற்றையெல்லாம் கழித்துவிட வேண்டும் என்பது பட்டுத் தெரிந்த பாடம். வாளியின் கைப்பிடி ஒரு மழைக்காலம் முழுக்க அவரை ஏமாற்றியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் வாளிக்குள் பழைய துண்டு வந்தது.

லொடலொட என்றால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது, அவசரமில்லை. நறநற என்றால் இரும்பு இரும்பைத் தின்கிறது. வேகம் ஏற ஏற ‘ஊம்’ என்று கூடவே ஏறினால், நேர்சாலையில் வண்டியை இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்து, எந்தச் சக்கரத்து பேரிங் என்று தாமே ஒரு முடிவுக்கு வருவார். புதுச் சத்தம் வந்த நாளில் சாப்பாட்டு மேசையில் அதை வாயாலேயே செய்து காட்டுவார். கணக்கு வாத்தியாரான அவர் கணவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், “ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக்கோ, சரியாப்போயிடும்” என்பார்.

“வாயில்லா ஜீவன்னு மாட்டைச் சொல்றாங்க. மாடு தேவலைங்க, மூஞ்சியைப் பார்த்தா பாதி தெரிஞ்சுடும். இதுக்கு மூஞ்சியும் இல்லை” என்பது டாக்டரம்மா அடிக்கடி சொல்வது.

சத்தத்தைச் சரியாகக் காதில் வாங்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். அவருடைய சொந்த அண்ணன். கீழே டவுனில் சொந்தமாக ஒர்க்‌ஷாப். ஆனால் அவர்களுக்குள் பேச்சு இல்லை. இந்த வண்டியை வாங்கப்போன அன்று, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “வேண்டாம், இது தண்ணியில நின்ன வண்டி” என்று அண்ணன் சொன்னார். விற்கிறவர், அவர் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். எல்லாத்துலயும் நீ தலையிடாதே” என்று தங்கை சொல்லிவிட்டார். சொன்ன விஷயத்தைவிட, சொன்ன இடம்தான் அண்ணனுக்குச் சுட்டது. கையைத் துடைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு முகம் கொடுக்கவில்லை. இவரும் இறங்கிப் போகவில்லை.

வண்டிக்கு அதெல்லாம் தெரியாதே. அது பாட்டுக்குச் சத்தம் போட்டது. வேறு வழியில்லாமல் அண்ணியைப் பிடித்தார். டாக்டரம்மா போனில் சத்தத்தைச் செய்வார். அண்ணி அதைக் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டோ செய்தித்தாள் படித்துக்கொண்டோ இருக்கும் கணவரிடம் செய்து காட்டுவார். “ஏங்க, ‘கொர்ர்’ங்குதாம்.” சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் வரும்: “எந்த கியர்ல?” அண்ணிக்கு நல்ல மனசு, ஆனால் காது கொஞ்சம் தாராளம். ‘கீச்கீச்’சை ஒருதரம் ‘கிறீச்’ ஆக்கிவிட்டார். அதனால் நன்றாயிருந்த பிரேக் கட்டையை மாற்றும்படி ஆனது. சத்தம் மாறவில்லை. “நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன், ரெண்டு பேரும் என் தலையை உருட்டாதீங்க” என்று அண்ணி அழாத குறையாகச் சொன்னார்.

அந்தக் கீச்கீச் பிறகு தானாகவே நின்றுபோனது. டாக்டரம்மா நிம்மதியானார். அதுதான் தப்பு. தேயத் தேயச் சத்தம் போட்ட இரும்பு, தேய்ந்து முடிந்ததால்தான் அடங்கியிருந்தது.

ஒருநாள் முற்பகல், மேட்டுப் பண்ணையிலிருந்து அழைப்பு. தலைச்சன் பசு, கன்றின் ஒற்றைக் கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறது. பாதி மலை ஏறியிருப்பார். கியர் மாற்றிக் கிளட்சை விட்டதும் அடியில் ‘டங்’ என்றது. அடுத்த வளைவில் இன்னும் பலமாக. வண்டியின் தரையே அதிர்ந்தது. ஓரங்கட்டி அண்ணியைக் கூப்பிட்டார்.

“ஏங்க, ‘டங்’ங்குதாம்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை. பிறகு போன் கை மாறியது.

“முன்னாடியா பின்னாடியா?”

பல காலத்துக்குப் பிறகு அண்ணன் குரல் நேராகக் காதில் விழுந்தது. டாக்டரம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “பின்னாடி. நடுவிலேர்ந்து பின்னாடி.”

“எடுக்கும்போது மட்டுமா, ஓடும்போதுமா?”

“எடுக்கும்போதுதான்.”

“பின் ஷாஃப்ட்டோட மூட்டுல இருக்குற கிராஸ் போயிடுச்சு. ஓட்டாதே, கழண்டு விழுந்தா வண்டியைப் பொரட்டிடும். அங்கேயே நில்லு, நான் வர்றேன்.”

“நீ வர்ற வரைக்கும் மாடு தாங்காதுண்ணா. நான் போயாகணும்.”

“ஸ்பேனர் இருக்கா?”

“இருக்கு.”

“நாலு சக்கரத்துக்கும் கல்லை முட்டுக் குடு. அதைச் செய்யாம அடியில போனே, கொன்னுடுவேன்.”

கல் வைத்தார். பூட்ஸைக் கழற்றாமலேயே அடியில் தவழ்ந்தார். போன் மண்ணில் கிடந்தபடி பேசியது: எந்த நட்டு முதலில், எந்தப் பக்கம் திருப்ப, எப்போது தோளால் தாங்க. கடைசி போல்ட்டு கழன்றதும் ஷாஃப்ட் அவர் மார்பிலேயே வந்து விழுந்தது. இனிப் பின்சக்கரங்களுக்கு இழுப்பில்லை. முன்சக்கரங்கள்தான் இழுக்க வேண்டும்.

“மேடு ஏறுமா?”

“சறுக்குச்சுன்னா திருப்பிக்கோ. ரிவர்ஸ்ல ஏறு. பாரம் இழுக்குற சக்கரத்து மேல நிக்கும்.”

சறுக்கியது. திருப்பிக்கொண்டார். மீதி மலையைப் பின்னோக்கியே ஏறி, பண்ணை வாசலில் முதுகைக் காட்டியபடி போய் நின்றார். பண்ணைக்காரர் ஓடிவந்து, “என்னம்மா, வர்றீங்களா போறீங்களா?” என்று கேட்டார். டாக்டரம்மா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மடங்கியிருந்த இன்னொரு காலைத் தேடிப் பிடித்து நேராக்கி, கன்றை உயிரோடு இறக்க மதியம் தாண்டிவிட்டது. கிடேரிக் கன்று.

கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, அவருடைய ஜீப்பின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் புது கிராஸ் கொண்டுவந்திருந்தார். பழையதைத் தட்டியதும் அதிலிருந்து செம்பழுப்புத் தூள் கொட்டியது. துரு. தண்ணீர் புகுந்த துரு. அவர் அதை விரலில் தொட்டுப் பார்த்தார். தங்கை பார்ப்பதையும் பார்த்தார். கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“கன்னு?” என்றார்.

“நிக்குது.”

“ம்.”

“அண்ணா, அன்னிக்கு நீ சொன்னது...”

“அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு.”

எடுத்துக் கொடுத்தார். கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு அண்ணன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாதையில் ஒரு சுற்றுப் போனார். தலை வெளியே நீட்டியிருந்தது. டாக்டரம்மா நின்ற இடத்திலிருந்தே காது கொடுத்தார். எஞ்சின், கற்கள், அவ்வளவுதான். திரும்பி வந்து நிறுத்தினார். நெட்டையான ஆள், ஓட்டுவதற்காக சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தார். இறங்கப்போனவர் மறுபடி உட்கார்ந்து, அடியில் கைவிட்டு நெம்புகோலைப் பிடித்து, சீட்டை முன்னுக்கு இழுத்தார். தங்கையின் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு பல் முன்னுக்கு இழுத்தார்.