கண் மூடப்பட்ட நாய்

ஜெஸீமா டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மறிச்சுக்கட்டி ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் வாயே திறக்கவில்லை.

புத்தளத்து அகதி முகாமில் பிறந்து, பிஸ்கற் பெட்டி மட்டையில் படம் கீறிப் பழகிய கை அவளுடையது. பள்ளிவாசல் வகுப்பில் ஞாயிறுதோறும் ஒரு மார்க்கக் கதைக்குப் படம் கீறிச் சுவரில் மாட்டுவாள். "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்பாள். பிள்ளைகள் உற்றுப் பார்த்துச் சொல்ல வேண்டும். பூனைக்குக் கல்லெறிந்து திரிந்த வாலுகள்கூட இப்போது அதற்குச் சோறு வைக்கின்றன.

உயிருள்ளதுக்குக் கண்ணும் முகமும் கீறுவது மார்க்கத்தில் ஆகாது என்பார்கள்; அதனால் மனிதருக்கு அவள் முகம் கீறுவதில்லை, முதுகுதான். போன ஞாயிறு, தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு வந்தவரின் கதை. ஆசை யாரை விட்டது? நாய்க்கு இரண்டு கண் வைத்துவிட்டாள். யாரோ போய்க் கோள் மூட்டிவிட்டார்கள். சனிக்கிழமை பள்ளிவாசல் நிர்வாகத்து ரிஸ்கான் ஹாஜியார் ஆளனுப்பிச் சொன்னார்: "நாளைக்கு வாறன். உயிருள்ளதுக்குக் கண் வச்சிருந்தா, வகுப்பு அன்றோட சரி."

பத்து வருச வகுப்பு! அவள் கறுப்பு மையால் நாயின் இரண்டு கண்ணையும் மூடினாள். பிறகு குந்தியிருந்து அழுதாள்.

மறுநாள் ஹாஜியார் கதிரையில் இருந்து படத்தை மேலும் கீழும் பார்த்தார். கண் இல்லை. அப்பாடா என்று டீச்சர் மூச்சுவிட்ட நேரம் பார்த்து, ஆறு வயது ஸுஹ்ரா ஓவென்று அழத் தொடங்கினாள்.

"டீச்சர், போன கிழமை நாய்க்குக் கண் இருந்ததே! இப்ப கிணத்துக்குள்ள விழுந்திடுமே!"

ஹாஜியார் திரும்பினார். "கண் இருந்ததா?"

டீச்சருக்குப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"ஓம் ஹாஜியார். நான்தான் வச்சனான். நேற்று அழிச்சனான்."

அதற்குள் ஸுஹ்ரா எழுந்து போய், போத்தல் மூடியில் தண்ணீர் ஊற்றி, நாயின் வாய்க்கு நேர்கீழே தரையில் வைத்தாள்.

"ஏன் மகள்?" என்று கேட்டார் ஹாஜியார்.

"அதுக்குத் தண்ணி விடாய்."

"கண்ணே இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாக்கைப் பாருங்கோ. காலைப் பாருங்கோ, நிக்க ஏலாம நிக்குது. கண் தெரியாதெண்டுதான் கிட்ட வச்சனான்."

ஹாஜியார் முன்னால் சாய்ந்து நாயின் நாக்கையும் காலையும் பார்த்தார். டீச்சர் மனதுக்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டே நின்றாள்.

"கண் வேண்டாம் டீச்சர்," என்று எழுந்தார். "வகுப்பு நடக்கட்டும்."

வாசலுக்குப் போகிற வழியில்தான் அந்த மூடி இருந்தது. அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கவிழாதபடி சுற்றிப் போனார்.