அம்மா அடித்த பந்து

சித்தப்பா பெங்களூரில் பணக்காரர்களுக்கு கோல்ஃப் சொல்லிக் கொடுப்பவர். எங்கள் ஊரான ஏழாயிரம்பண்ணையில் இதை யாரிடம் சொன்னாலும், "அதுக்கும் ஒரு வாத்தியாரா?" என்று சிரிப்பார்கள். ஒரு பங்குனிப் பொங்கலுக்கு, பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில், கைப்பிடி தேய்ந்த ஒரு மட்டையும் ஒரே ஒரு வெள்ளைப் பந்துமாக வந்து இறங்கினார். அறுவடை முடிந்த எங்கள் கம்மங்காடுதான் மைதானம்.

எல்லோருக்கும் ஒரே பாடம் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. முதலில் ஆளைப் பார்ப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். புளியம்பழம் அடிக்கிற வேகத்தில் மட்டையைச் சுழற்றிய அண்ணனை, பாட்டுப் பாடிக்கொண்டே அடிக்கச் சொன்னார். எட்டு வயதில் ஓரிடத்தில் நில்லாத எனக்குக் கிடைத்த பாடம்தான் கொடுமை. "நீ இன்னைக்குப் பூராம் பாத்துக்கிட்டு நில்லு. பந்து போற எடத்த விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது." பந்து பொறுக்குகிற வேலைக்கு இப்படி ஒரு பேரா என்று எனக்கு ஆத்திரம்.

அம்மாவைக் கூப்பிட்டதும், "எனக்கெதுக்கு தம்பி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகி வந்துவிட்டாள். அடிக்கத்தான் வரவில்லை. மட்டையைக் கொண்டுபோய்ப் பந்தின் மேல் மெல்ல வைத்தாள். மறுபடியும் வைத்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பட்டாசு மருந்து செலுத்தும் அறையில் வேலை. தட்டாதே, உரசாதே, பொத்தென்று போடாதே என்று பழக்கப்பட்ட கை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சித்தப்பா சிரிக்கவில்லை.

"மதினி, நீங்க அடிக்கவே வேண்டாம். காலையில வாளித் தண்ணிய வீசி வாசல் தெளிப்பீகள்ல, அம்புட்டுத்தான். பந்து அது பாட்டுக்கு வழியில கெடக்கட்டும்."

அம்மா வீசினாள். பந்து கருவேல முள்ளைத் தாண்டிப் போனது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்கமாட்டோமா என்று ஏங்குகிறேன். "இன்னொரு தடவ" என்றாள். ஏழெட்டுத் தடவை ஆனது. என் முறை வருவதாக இல்லை. அடுத்த தடவை பந்தை முள்ளுக்கு அப்பால் கண்டெடுத்தபோது, பாவாடைக்குள் சுருட்டிச் செருகிக்கொண்டு "காணோம்" என்று கத்தினேன்.

"போகட்டும் மதினி, அடுத்த தடவ ஒரு டஜன் கொண்டாறேன்" என்றார் சித்தப்பா. அம்மா கேட்கவில்லை. பொழுது சாயும்வரை முள்ளுக்குள் குனிந்து தேடினாள். சித்தப்பா ஊருக்குப் போனார், கம்பெனி திறந்தது, அம்மாவை வேலைக்கு ஏற்றிப்போக வேன் வந்தது. அந்த டஜன் மட்டும் வரவே இல்லை.

பந்து இப்போது சூலக்கரையில் என் அலுவலக மேஜைக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாவிடம் கொடுக்க எடுப்பேன். தோள் வலியில் கையைத் தூக்க முடியாதவளிடம் எந்த முகத்தோடு கொடுப்பது?

சித்தப்பாவுக்குப் பயந்துதான் அவள் தேடுகிறாள் என்று அன்று நினைத்தேன். ஒரு கையால் முள்ளை விலக்கியவள், மறு கையில் இருந்த மட்டையைக் கடைசிவரை கீழே வைக்கவே இல்லை.