தயா கட்சியும் ரகு கட்சியும்

போன சனிக்கிழமை லண்டன் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு அமெரிக்க இளைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இருவர் தலையிலும் ஒரே பேஸ்பால் தொப்பி. ஒரே அணியின் ரசிகர்கள், ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கே! அந்த அணியில் பல வருடம் சேர்ந்து விளையாடி ஓய்வுபெற்ற இரண்டு பேரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று பேக்கர் ஸ்ட்ரீட்டில் தொடங்கியவர்கள் வெம்ப்ளி பார்க் தாண்டியும் விடவில்லை. பேஸ்பால் எனக்குத் தெரியாது. பந்தை அடித்த கையோடு ஏன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்பதே இன்னும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் தெரியும். "இவன் இல்லாட்டி அவனை யாருக்குத் தெரியும்?" என்ற அர்த்தத்தில் ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டபோது என் முகம் சூடாகிவிட்டது. ஹரோவில் இறங்க வேண்டியவள் நோர்த் ஹரோ வரை போய்த் திரும்பி வந்தேன்.

அந்தக் கேள்வி என் அப்பாவின் வசனம்.

அப்பா கிரிக்கெட் மட்டையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. கணக்காளர் வேலை, முழங்கால் வலி, வெயில் பட்டால் தலையிடி. ஆனால் கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் கிரிக்கெட் குழு விளையாடும்போது எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அவரைவிட அந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர் லண்டனிலேயே கிடையாது. நனைந்த புல்லின் மணத்தோடு மட்டன் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மைதானம்தான். ரோல்ஸ் அம்மா செய்தது. அதில் எத்தனை எனக்கு, எத்தனை ஆட்டக்காரர்களுக்கு என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. என் உடம்பைப் பார்த்தால் யார் வென்றது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

குழுவில் இரண்டு நட்சத்திரங்கள். தயாளன் மாமா துடுப்பாட்டக்காரர், ரகு மாமா பந்துவீச்சாளர். ஊரிலிருந்து ஒரே காலத்தில் வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் படுத்து, ஒரே பெற்றோல் ஸ்டேசனில் வேலை எடுத்து, ஒரே நாளில் குழுவில் சேர்ந்தவர்கள். கல்யாணம் முடித்தும் ஹரோவில் அடுத்தடுத்த தெருக்களில்தான் வீடு பார்த்தார்கள். அவர்களுக்குள் எந்தப் போட்டியும் இல்லை. இடைவேளையில் ஒரே பெட்டியிலிருந்து புட்டுச் சாப்பிடுவார்கள். போட்டியெல்லாம் கதிரைகளில் இருந்தவர்களுக்குத்தான். ஒரு வரிசை தயா கட்சி. அதற்குத் தலைவர் அப்பா. எதிர் வரிசை ரகு கட்சி. அதற்குச் சிவம் அண்ணை.

"ஓட்டம் எடுக்காட்டி எப்பிடி ஐசே வெல்லுறது?" என்பார் அப்பா.

"மற்றவனை அவுட்டாக்காட்டி எப்பிடி வெல்லுறது? விடிய விடிய அடிச்சுக்கொண்டிருப்பான்!" என்பார் சிவம் அண்ணை.

இருவரும் சொல்வது சரி என்பது பிள்ளைகளான எங்களுக்கே விளங்கியது. எங்களுக்கு என்றால் எனக்கும் மீராவுக்கும். மீரா ரகு மாமாவின் மகள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் பக்கத்துக் கதிரை. ழகரம் எனக்கு வராது, அவளுக்கு ணகரம் வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுத் தமிழ்ப் பிள்ளை என்று ரீச்சர் சொல்வார்.

இரண்டு மாமாக்களும் ஒரே கோடையில் விளையாட்டை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். குழுவினர் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்துப் பிரியாவிடை விருந்து வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு விருந்தென்றால் மேடை வேண்டும், மேடையென்றால் பட்டிமன்றம் வேண்டும். தலைப்பு: 'பெரிய ஆட்டக்காரர் தயாளனா, ரகுவா?' தயா அணிக்கு அப்பா. ஒரு கிழமையாகக் குசினியில் நின்று பேசிப் பழகினார். பருப்புக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தார்.

"ரகுவின்ரை பிள்ளையும் மனுசியும் முன்னுக்கு இருப்பினம். பாத்துக் கதையுங்கோ."

"அது எனக்குத் தெரியாதே? நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அப்பா.

அன்று சிவம் அண்ணை முதலில் பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு அப்பா. அவருடைய முதல் பகிடிக்கு மண்டபம் சிரித்தது. மீராவும் நானும் முன்வரிசையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு அப்பாவின் தலைக்கு ஏறிவிட்டது என்று இப்போது விளங்குகிறது. பேசிப் பழகியதையெல்லாம் விட்டுவிட்டார்.

"பைனல் எண்டால் ரகு எங்கை? கண்டனீங்களே ஆராவது? ஷிப்ட் எண்டு சொல்லிப்போட்டு ஒளிச்சிடுவார். சின்ன மட்சிலை புலி. கப் எண்டதும் வயித்தைக் கலக்கிப்போடும்! தயா இல்லாட்டி இவரை ஆருக்குத் தெரியும்?"

மண்டபம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. என் கைக்குள் இருந்த மீராவின் கை மெல்ல வெளியே போனது. ரகு மாமா குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பதைத் தவிர அந்த இடத்தில் அவரால் வேறென்ன செய்ய முடியும்?

தயாளன் மாமா எழுந்தார். மேடையில் ஏறி அப்பாவின் கையிலிருந்த மைக்கை மரியாதையாக வாங்கினார்.

"அண்ணை, எனக்காகத்தான் கதைக்கிறியள், தெரியும். ஆனால் இதோடை காணும், நிப்பாட்டுங்கோ. சில சனி ஞாயிறிலை எங்கடை பெற்றோல் ஸ்டேசனிலை ரெண்டு பேரிலை ஒராள் நிக்கவேணும். பைனல் நாளெல்லாம் என்ரை முறை வந்தாலும் அவன்தான் நிண்டவன். 'நீ போடா, நீ அடிச்சால் வெல்லலாம்' எண்டு சொல்லி அனுப்புவான். பைனல் மட்டுமில்லை, என்ரை எத்தினையோ ஞாயிறு அவன் நிண்டதுதான்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். சனம் கைதட்டத் தொடங்கியது. அப்போது ரகு மாமாவின் மனைவி தன் கணவர் பக்கம் திரும்பினார். எனக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தார், கேட்டது.

"அப்ப முதலாளி போட்ட ஷிப்ட் இல்லையே அது? நீங்களாத்தான் நிண்டனீங்களே?"

முன்பு ஒருமுறை மீரா பாட்டுப் படித்த விழாவுக்கு ரகு மாமா வரவில்லை. அவளுடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய பிறகு வந்தார். முதலாளி விடவில்லை என்றுதான் மீரா எனக்குச் சொல்லியிருந்தாள், அவள் அம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். இப்போது மீரா தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரகு மாமா எழுந்து தயாளன் மாமாவைப் பார்த்து, "இதை ஏன்டா இங்கை சொன்னனி?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரும் மனைவியும் மீராவும் தங்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பட்டிமன்ற நடுவர்தான், "சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்றார். எல்லாரும் போய் வரிசையில் நின்றோம். நானும் தட்டை எடுத்தேன். அப்பா மேடையிலேயே நின்றார்.

காரில் வரும்போது அவர் பேசியது ஒரே வசனம். "சனம் சிரிச்சது..."

பின் இருக்கையில் நான் யன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். அப்பாவை நினைத்து வெட்கப்படுவது அதற்குமுன் எனக்குத் தெரியாத ஒன்று. அந்த வெட்கத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ரகு மாமா வீட்டுக்குப் போனார். சின்னப் பிள்ளை ஒன்று கூட நின்றால் கதவைச் சாத்தமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. வாசலிலேயே, "ரகு, நான் பிழையாக் கதைச்சுப்போட்டன்" என்றார்.

"அதுக்கென்ன அண்ணை, பகிடிதானே. உள்ளுக்கை வாங்கோ."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உபசரித்தார்கள். மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றபடியே அப்பாவிடம் சொன்னார்: "நீங்கள் அப்பிடிக் கதைக்காட்டி எனக்கு இது தெரிய வந்திராது அண்ணை. உங்களோடை கோவிக்கிறதோ, நன்றி சொல்லுறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

அப்பா கோப்பையைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. நான் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தரைப்பலகை கிரீச்சிட்டது, மீரா நடக்கிறாள். கீழே வரவில்லை. கூப்பிடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ரகு மாமா அந்த வேலையை விட்டார். ஆறு மாதத்துக்குள் வீட்டை விற்று லண்டனின் மறுகோடிக்கு, லூயிஷாம் பக்கம், போய்விட்டார்கள். தயாளன் மாமா சில ஞாயிறுகளில் ரயில் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அதுவும் குறைந்தது என்று கேள்வி. தமிழ் வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன்தான், ழகரமும் வரும்.

அடுத்த கோடையில் மைதானத்தில் கதிரைகள் போட்டார்கள். ஆனால் யாரும் வாதாடவில்லை. யார் அடித்தாலும் கைதட்டினார்கள், யார் விக்கெட் எடுத்தாலும் கைதட்டினார்கள், ஆங்கிலேயர்களைப் போல. சிவம் அண்ணை அப்பாவுக்கு அருகிலேயே வந்து உட்கார்ந்து காலநிலையைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த வருடம் பாதிப் பேர் வரவில்லை. பிறகு குழுவே இன்னொன்றோடு சேர்ந்து பெயர் மாறிவிட்டது.

கொஞ்சக் காலம் ஞாயிறு மதியங்களில் அப்பா பழக்கதோஷத்தில் வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு ஹோலில் வந்து நிற்பார். "எங்கையப்பா போறியள்?" என்று அம்மா கேட்பார். "ஒரிடமும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மாடிக்கு ஏறுவார், சட்டையை மாற்ற.