அட்டைப் படத்தில் இல்லாத கை

சென்ற ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. பேராசிரியர் மீது எனக்கிருந்த மதிப்பு அருவருப்பாக மாறத் தொடங்கியது அப்போதுதான். அமைதிக் கல்வியும் பிணக்குத் தீர்வும் அவருடைய துறை. வாழ்நாளெல்லாம் அதைப் பற்றியே எழுதியவர், ஊர் ஊராகச் சென்று பேசியவர். இலக்கிய மாணவியான என்னைத் தம் புதிய நூலுக்கு மெய்ப்புப் பார்க்க அமர்த்தியிருந்தார். நலிந்தவர் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காதே என்று அவர் வகுப்பில் சொல்வதை நான் நம்பியிருந்தேன்.

அன்று புதுச்சேரிக்கு வடக்கே, பிள்ளைச்சாவடிக்கும் அப்பால் ஒரு சமுதாயக்கூடத்தில், இரண்டு மீனவக் குப்பத்தாரையும் அவர் கூட்டியிருந்தார்; நானும் உடன் சென்றிருந்தேன். வலைத் தகராறில் ஒரு குப்பத்தார், அடுத்த குப்பத்தில் கணவனை இழந்த ஓர் அம்மாவின் படகைக் கொளுத்தியிருந்தார்கள். ஈடாக ஒரு படகு கேட்டு அந்த அம்மா பஞ்சாயத்தில் முறையிட்டிருந்தார், தீர்ப்பு வரவில்லை. பேராசிரியருக்கோ நூலின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும். கொளுத்தியவர் தரப்புப் பெரியவர் வெற்றிலைத் தட்டை நீட்ட, அந்த அம்மா வாங்க வேண்டும்.

அந்த அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "தட்ட வாங்கிட்டா பேச்சு முடிஞ்சிதுன்னு அர்த்தம் சார். அப்புறம் படகு கேக்க எனக்கு வாயில்ல."

"சும்மா போட்டோவுக்குத்தாம்மா."

"அப்ப பூ குடுக்கச் சொல்லுங்க. தட்டு வேணாம்."

"வாங்கிக்க அண்ணி, சாரு பசியில சுருண்டுடப் போறாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தபடியே அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தட்டின்மேல் வைத்தார். மென்மையான பிடிதான், அந்த நொடியிலேயே படமும் எடுத்தாயிற்று.

மாலையில் பஞ்சாயத்து வழக்கை முடித்துவிட்டது. தட்டை வாங்கியாயிற்றாம். அந்த அம்மா மறுத்துச் சொன்னது எடுபடவில்லை. செய்தி கேட்டதும் நான் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அது அவங்க ஊர் விவகாரம்மா. நாம தலையிட்டா நடுநிலை போயிடும்" என்றவர், படம் சற்று இருட்டாக இருக்கிறதோ என்று கேட்டார்.

இப்போது அந்த நூல் விற்பனையில் இருக்கிறது. அட்டையில் பேராசிரியரின் கையை வெட்டி நீக்கியிருக்கிறார்கள். அந்த அம்மா மனமுவந்து வாங்குவது போலவே இருக்கிறது.

அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு மறுநாள் காலை நான் கல்லூரிக்குப் போகவில்லை. பேருந்தேறிக் குப்பத்துக்குச் சென்றேன். ஊர்த்தலைவரான நாட்டார் முன்னால், இரு தரப்பாரும் கேட்க, அந்த அம்மா தட்டை வாங்கவில்லை, பேராசிரியர்தான் கையைப் பிடித்து வைத்தார் என்றேன்.

நாட்டார் தலை நிமிரவில்லை. "நாங்களுந்தான் பாத்தோம்" என்றார்.

"அப்படின்னா வழக்க மறுபடி எடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.