பதிவுகாரர் எழுதிய மாந்தம்

குழந்தைகளின் கண்ணில் உண்டாகும் புற்று எமது நாட்டில் மிக அரிதென்று கற்றோர் கூறக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நகைப்பே வருகின்றது. அரிதென்று எண்ணியவர் யார்? எதைக்கொண்டு எண்ணினார்?

ஐம்பதுகளின் பிற்கூற்றில் நாம் கண்டாவளையில் நெல் விதைத்து வாழ்ந்தோம். என் தங்கையின் மகளுக்கு அப்போது இரண்டு வயது. சாய்ந்த வெயில் முகத்தில் படும்போது அவளுடைய இடக்கண்ணின் மணி வெண்மையாய்ப் பளிச்சிடும். "அம்மாளின்ரை பார்வை பிள்ளையிலை விழுந்திருக்கு" என்று அயலார் பூரித்தனர். காய்ச்சற்காரரைக் கூட்டிவந்து அவள் கையால் திருநீறு பூசுவித்தோரும் உளர். நானோ நாலு நூல்களைத் தானே கற்றவன் என்னும் செருக்குடையவன். அத்தகைய அறிவாளி, அம்மாள் கோயிலுக்கு வெள்ளிக் கண்மடல் ஒன்று சாத்திவிட்டு அமைதியடைந்தேன்.

கண் புடைத்து வெளியே தள்ளிய பின்னரே கொழும்புக்குக் கொண்டு சென்றோம். இது புற்று என்றும், வெளுத்த அன்றே வந்திருந்தால் கண்ணை எடுத்துப் பிள்ளையைக் காத்திருக்கலாம் என்றும் வைத்தியர் கூறினார். ஊர் திரும்பி இரண்டு கிழமையில் பிள்ளை மாண்டாள்.

தங்கை கேட்டது ஒன்றே. "அண்ணை, என்ன வருத்தத்தாலை போனவள் எண்டு உள்ளபடி எழுதுவியுங்கோ. இன்னொருத்தியின்ரை பிள்ளைக்குக் கண் வெளுத்தால் ஆராவது அறியட்டும்."

இறப்புப் பதியும் பதிவுகாரரிடம் சென்றேன். எங்கள் பகுதியில் இறந்த சிறுபிள்ளைகள் அனைவரையும் மாந்தம் என்னும் வயிற்று நோயாலேயே இறக்கச் செய்யும் வல்லமை அவருடைய பேனாவுக்கு இருந்தது.

"கண்ணிலை புற்று எண்டு எழுதுங்கோ, ஐயா."

"புற்று கிழடுகளுக்கெல்லோ வாறது, தம்பி. ரண்டு வயசுக் குஞ்சுக்கு வருமே?"

"கொழும்பு டொக்டர் சொன்னவர்."

"துண்டு ஏதும் தந்தவரோ?"

எழுத்தில் கேட்டு வாங்கவேண்டுமென்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"நாட்டிலை இல்லாத வருத்தத்தை நான் எழுதினால், அரசாங்கக் கச்சேரியிலை என்னை விசரன் எண்டு சிரிப்பினம். பிள்ளைக்கு வயித்தாலை போனதோ?"

"கடைசி நாள் கொஞ்சம் போனது."

"பிறகென்ன? மாந்தம்!"

நான் வாதிட்டிருக்கலாம். ஆயினும் அவர் உத்தியோகத்தர், நான் கமக்காரன். அறிவித்தவர் ஒப்பமிடும் இடத்தை விரலால் காட்டினார். எழுத்து அழகாய் அமையவேண்டுமென்ற கவனத்தோடு, என் பெயரிலுள்ள ணகரத்தின் மூன்று சுழியும் வழுவாமல் ஒப்பமிட்டேன்.

வீட்டு வாசலில் தங்கை நின்றாள்.

"உள்ளபடி எழுதினவரோ, அண்ணை?"

"ஓம்" என்றேன்.