பலகையின் நுனி

ரேமிங் வீட்டில் முதலில் கல்லூரிப் படியை மிதித்தவர் ஆல்பியன். நீரலைகளின் கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, இருபத்தாறு வருடமாகப் பஹாமாஸ் தலைநகர் நாசோவில் கணிதம் கற்பித்தார். பதினொரு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தார். ஊரில் ஒருவரும் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு.

ஒவ்வொரு ஏப்ரலிலும் பாய்மரப் படகுப் பந்தயத்துக்காகச் சொந்தத் தீவான எக்ஸூமாவுக்கு வருவார். வந்ததுமே நடுவர் கூடாரத்தில் நாற்காலி போட்டு, வறுத்த சங்குச்சதையைக் கையில் கொடுத்து, புள்ளிக் கணக்குப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். மரியாதைதான். ஆனால் அவர் ஆசைப்பட்டது பலகைக்கு. காற்றில் படகு சாயும்போது, எதிர்ப்பக்கம் கடலுக்கு மேல் நீட்டிய பலகையில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். அதற்கு எடை பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். ஆல்பியனோ ஒல்லி.

ஐம்பத்தெட்டாம் வயதில், படகோட்டியான சித்தப்பா மகன் கிளீவிடம் போய் இடம் கேட்டார்.

“எனக்கு மூளை வேணாம் புரொபசரண்ணே, தொப்பைதான் வேணும்” என்றான் கிளீவ். கூட்டாளிகள் சிரித்தார்கள்.

ஆல்பியன் மணலில் கோடு கிழித்தார். பலகையின் நுனியில் உட்காரும் ஒல்லி ஆள், நடுவில் உட்காரும் குண்டு ஆளுக்குச் சமம் என்று விளக்கினார்.

“கணக்கு சரியாத்தான் இருக்கும். விழுந்துட்டா? ஊருக்கே படிச்சவர் நீங்க ஒருத்தர்தாண்ணே. பெரியம்மா என்னைய வாசப்படி ஏற விடமாட்டாங்க.”

“அப்போ சாகுற வரைக்கும் எனக்கு நாற்காலிதானாடா?”

கிளீவ் பலகையின் நுனியைக் கைகாட்டினான். அங்கே ஏறச் சொன்னான்.

பந்தயத்தின் இரண்டாவது திருப்பத்தில் கிளீவ் குரல் கொடுத்தான். குரல் வந்ததும் எல்லோரும் உள்ளே பாய்ந்து, பலகையை மறுபக்கம் தள்ள வேண்டும். ஆல்பியன் அலைகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் அலை போகட்டும் என்று காத்திருந்தார். படகு திரும்பிச் சாய்ந்தது. பலகையின் நுனி தண்ணீரில் இறங்கியது, அவரும்தான். அவரைத் தூக்குவதற்குள் மூன்று படகுகள் தாண்டிப் போயின. அதுவரை முதலில் இருந்த கிளீவின் படகு நான்காவதாகக் கரை சேர்ந்தது.

“கூப்பிட்டது காதுல விழலையா? யாரைக் கேட்டு அலை எண்ணுன? நீ ஒருத்தன்தான் படகுல இருக்கியா?” பலகையில் பிந்துகிறவனை எப்போதும் திட்டுவதுபோலவே கிளீவ் திட்டினான்.

ஊரில் யாரும் ஆல்பியனிடம் குரல் உயர்த்திப் பல வருடமாகிவிட்டது. சட்டையைப் பிழிந்தபடி முழுதும் கேட்டுக்கொண்டார். தப்பு தன்னுடையதுதான் என்றார்.

“நாளைக்கும் ஓட்டம் இருக்கு. கூப்பிட்டா உடனே உள்ள வரணும். வருவியா?”

“வருவேன்.”

கிளீவ் படகின் ஈரப் பாய்த்துணியின் ஒரு முனையை அவர் கையில் திணித்தான். இருவரும் அதை மடிக்கத் தொடங்கினார்கள்.